தெரிந்த மொழிகள்

சித்தூரிலிருந்து புத்தூர் போகும் பஸ்
பல்கலைக்கழக வாசலில் நிற்காது.
வேகத்தடையில் ஏறி இறங்கும் நேரத்தில்
குதித்துக்கொள்ள வேண்டும்.
முனிலட்சுமி குதித்தாள்,
ரெஸ்யூமேயைப் பல்லில் கடித்தபடி.

நான் வேலைவாய்ப்புப் பிரிவு.
பிரிவு என்றால் நான் மட்டும்.
ஒரு மேசை, மூச்சிரைக்கும் பிரிண்டர்,
பதினொரு மாத ஒப்பந்தம்.
எக்ஸ்ரே துறை காலி செய்துபோன அறை.
கதவில் இன்னும் கதிர்வீச்சு எச்சரிக்கை.
பிள்ளைகள் தயங்கி நிற்பார்கள்.
வா, ஒன்றும் சுடாது என்பேன்.

டயாலிசிஸ் டெக்னாலஜி, இறுதியாண்டு.
"நோக்கம்" என்ற தலைப்பின் கீழ்
சீனியரிடம் வாங்கிய நான்கு வரி.
அதே நான்கு வரியை அன்று காலை
ஏழு பேர் கொண்டுவந்திருந்தார்கள்.
ஒருவன் சீனியரின் பெயரைக்கூட மாற்றவில்லை.

அடித்தேன்.
நேர்மை, கடின உழைப்பு, அதையும் அடித்தேன்.
எத்தனை பேருக்கு ஊசி ஏற்றியிருக்கிறாய்?
அறுபது இருக்கும் மேடம்.
இருக்குமா, இருக்கிறதா?
லாக்புக்கைப் புரட்டி விரல் விட்டாள்.
அறுபத்து மூன்று. ரெண்டு தவறிடுச்சு.
அதையும் சொல்லணுமா?
கேட்டால் சொல்.

தெரிந்த மொழிகள்: தெலுங்கு, ஆங்கிலம்.
அதற்குள் அவள் போன் அடித்தது.
மாங்கூழ் ஃபேக்டரியில் ஷிப்டு முடிந்த அம்மா.
"இன்னும் துன்னல மா, ஆபீஸ்ல கீறேன், வெச்சிட்றேன்."

இது என்ன மொழி?

அது வூட்ல பேசறது மேடம்.
எழுத வராது, பஸ் போர்டுகூடப் படிக்க வராது.
அதெல்லாம் மொழியில சேருமா?

திருத்தணியிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும்
வாரம் மூன்று நாள் ரயிலேறித் திருப்பதி வருகிறவர்கள்
நான்கு மணி நேரம் கையை அசைக்காமல் கிடப்பார்கள்.
மெஷின் திடீரென்று கத்தும்.
ஒன்றுமில்லை, ட்யூப் மடங்கியிருக்கிறது என்று
அவர்களுக்கு எந்த மொழியில் சொல்வாய்?

பேனாவை வாங்கிக்கொண்டாள்.
அரவம்னு போடட்டா?
தமிழ் என்று போடு.
போட்டாள், தெலுங்கு எழுத்தில்.
டைப் அடிக்கும்போது நான் மாற்றிக்கொண்டேன்.

மாதிரி நேர்காணலுக்கு ஆள் கிடைக்கவில்லை.
அனாடமி பிளாக் வாட்ச்மேன் பாபாஜானை
நாற்காலியில் உட்காரவைத்து
முறைக்கச் சொன்னேன். நன்றாகவே முறைத்தார்.
சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?
நீங்க குடுக்கறது சார்.
பாபாஜான் உதட்டைப் பிதுக்கினார்.
மறுபடி.
மறுபடி.
நாலாம் தடவை ஒரு தொகை சொன்னாள்.
சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்,
யாரையோ திட்டிவிட்டவள் போல.

சென்னையில் ஓர் இடம் அனுபவம் கேட்டது.
வேலூரில் எதுவும் கேட்கவில்லை, பதிலும் இல்லை.
மூன்றாவது, திருப்பதி.
அங்கே ரெண்டு தவறியதைக் கேட்டார்களாம்.
சொன்னாளாம்.
அடுத்த தடவை என்ன செய்தாய் என்றார்களாம்.
சீனியரக் கூப்ட்டேன் என்றாளாம்.
திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டார்கள்.

பிறகு ஒரு மாதம் சத்தமே இல்லை.
புது பேட்ச், புது ஏழு பேர், அதே நான்கு வரி.

நேற்று இரவு ஒன்பதே முக்காலுக்கு ஒரு குரல் செய்தி.
"மேடம், சம்பளம் வந்துச்சு.
நம்ம பேசுன தொகையில ஆயிரத்துச் சொச்சம் கொறையுது.
சீட்டுல பி.எஃப்னு போட்டுக்கீறாங்க.
பி.எஃப்னா இன்னா மேடம்?"
பின்னால் மெஷினின் அரவம்.
யாரோ ஓர் ஆண்குரல்,
ஒரு வாய் தண்ணி குடு தாயி என்கிறது.
"ரெண்டு மடக்குதான் பெரிப்பா,
அதுக்கு மேல கேக்கக் கூடாது" என்கிறாள்
போனை மூடாமலே.

எழுந்து என் ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன்.
ஆறாவது பதினொரு மாதம்.
முன்னும் பின்னும் புரட்டினேன்.
அந்த இரண்டு எழுத்து எங்கும் இல்லை.

காலையில் விசாரித்துச் சொல்கிறேன் என்று
அனுப்பிவைத்தேன்.